ஜெர்மன் அலுவலகத்தில் ஷேர்பாயிண்ட் அனுமதி: ஏன் இத்தனை கேள்வி?

தம்பி, இன்வாய்ஸ் ஒப்புதலுக்கு ஷேர்பாயிண்டில் (கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் தளம்) அனுமதிகளை அமைக்கச் சொன்னார்கள், எல்லாரையும் மெம்பர்ஸ் குரூப்பில் போட்டால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு எழுத்தில் திட்டம் கேட்கிறார்கள், அதை பெட்ரீப்ஸ்ராட்டுக்கும் அனுப்பச் சொல்கிறார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

பெட்ரீப்ஸ்ராட் ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் குழு. யார் எந்தக் கோப்பை எப்போது திருத்தினார் என்று ஷேர்பாயிண்ட் பதிந்து வைக்கும் அல்லவா? ஊழியரைக் கண்காணிக்கப் பயன்படக்கூடிய மென்பொருளுக்கு அந்தக் குழுவின் சம்மதம் வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். உங்கள் மேல் சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

திட்டம் என்றால் ஒரு பக்க அட்டவணை, அவ்வளவுதான். இடப்பக்கம் பதிபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர், ஆடிட்டர். மேல் வரிசையில் பார்க்க, ஏற்ற, திருத்த, அழிக்க, ஒப்புதல் தர. ஆள் பெயர் எழுதாதீர்கள், பொறுப்பை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு குரூப். ஆள் மாறினால் குரூப்பில் பெயரை மாற்றினால் போதும்.

அழிக்கும் கட்டத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மெம்பர்ஸுக்குத் தானாகக் கிடைக்கும் 'எடிட்' என்ற அனுமதி நிலை, அதைவிடக் குறைந்த 'கான்ட்ரிபியூட்' இரண்டிலும் அழிக்கும் உரிமை உண்டு. ஜெர்மனியில் இன்வாய்ஸை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும் (2025க்கு முன் 10). ரீசைக்கிள் பின் தாங்குவது 93 நாள். ஆகவே பெர்மிஷன் லெவல்ஸ் பக்கத்தில் கான்ட்ரிபியூட்டை நகலெடுத்து, டெலீட் ஐட்டம்ஸ், டெலீட் வெர்ஷன்ஸ் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு, புதுப் பெயரில் சேமியுங்கள். ஒப்புதல் தருபவருக்கு அந்த நகலை இன்னொரு முறை நகலெடுத்து, அப்ரூவ் ஐட்டம்ஸைச் சேர்த்து, வேறு பெயரில் சேமித்தால் சரி.

பிறகு, இன்வாய்ஸ்கள் இருக்கும் லைப்ரரியின் செட்டிங்ஸில் 'ஸ்டாப் இன்ஹெரிட்டிங் பெர்மிஷன்ஸ்' (தளத்தின் அனுமதிகள் லைப்ரரிக்குத் தானாக வருவதை நிறுத்தும் பொத்தான்). இதை அழுத்தியதும் பழைய அனுமதிகள் போய்விடாது, அப்படியே நகலாகி நிற்கும். மெம்பர்ஸ் குரூப்பை நீங்கள்தான் கையால் நீக்க வேண்டும். இதை விட்டுவிட்டு "அமைத்துவிட்டேனே, ஏன் எல்லாருக்கும் தெரிகிறது" என்று கேட்பவர்கள் ஏராளம். முடித்ததும் 'செக் பெர்மிஷன்ஸ்' பொத்தானில் ஒவ்வொரு குரூப்பிலிருந்தும் ஒருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். கோப்புக்குக் கோப்பு தனி அனுமதி மட்டும் வேண்டாம். ஆறு மாதத்தில் யாருக்கு எது தெரிகிறது என்று உங்களுக்கே புரியாது.

ஒரு ஆவணத்தை இருவர் பார்த்தே தீர வேண்டும் என்பதில் இங்கே கறாராக இருப்பார்கள். ஆனால் தான் ஏற்றியதற்குத் தானே ஒப்புதல் தருவதை ஷேர்பாயிண்ட் தடுக்காது. பவர் ஆட்டோமேட்டில் (ஒப்புதல் போன்ற வேலைகளைத் தானாக நகர்த்தும் மைக்ரோசாஃப்ட் கருவி), ஏற்றியவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவரே என்றால் மாற்று ஆளுக்குப் போகட்டும் என்று ஒரு கண்டிஷன் வையுங்கள்.

மாற்று ஆள் விடுமுறைக்கும் வேண்டும். மூன்று வாரம் சேர்ந்தாற்போல் லீவு எடுப்பது இங்கே சாதாரணம், பாஸ்வேர்டைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் நடக்காது. பவர் ஆட்டோமேட்டில் அமைக்கும் வேலைத்தொடரான ஃப்ளோ 30 நாள்தான் காத்திருக்கும், அதற்குப் பின் டைம் அவுட். 'ஃபர்ஸ்ட் டு ரெஸ்பாண்ட்' வகையைத் தேர்ந்தெடுத்து இருவர் முகவரியையும் போட்டுவிடுங்கள். யார் முதலில் பார்த்தாலும் வேலை நகரும்.

ஃப்ளோவை உங்கள் சொந்தக் கணக்கில் உருவாக்காதீர்கள். நீங்கள் வேலை மாறி அந்தக் கணக்கை மூடினால் ஃப்ளோவும் படுத்துவிடும். ஐடி துறையிடம் இதற்கென்று தனிக் கணக்கு கேளுங்கள். அது வரத் தாமதமாகலாம், டிக்கெட்டை இன்றே போட்டுவிடுங்கள்.