ஃப்ளோரிடாவில் ‘லேக் வியூ’ வீடு வாங்கும் முன்

ஃப்ளோரிடா கடலோரத்தில் வீடு பார்ப்பதாகவும், பின்பக்கம் ‘லேக்’ இருப்பதால் விலை கூடுதல் என்கிறார்கள், அந்த லேக்கால் வெள்ளம் வருமா, அதை யார் பராமரிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள்.

அது பெரும்பாலும் ஏரியே அல்ல. குடியிருப்பு கட்டும்போது பெர்மிட் நிபந்தனைப்படி வெட்டிய மழைநீர்க் குளம். பராமரிப்பு பொதுவாக எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) தலையில், அதாவது உங்கள் மாதச் சந்தாவில்.

ஓர் ஏக்கர் கூரையிலும் தார்ச்சாலையிலும் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 27,000 கேலன் தண்ணீர் ஓடிவரும். கூடவே எண்ணெய், டயர் தூள், உரம், நாய்க் கழிவு. இதெல்லாம் நேரே கழிமுகத்துக்குப் போய்விடாமல் குளம் பிடித்து வைக்கிறது. கரையோரம் ஒரு கான்கிரீட் பெட்டி தெரியும். அதிலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் மெல்ல வடியும். பெருமழையின்போது கூடுதல் நீர் வழிய, பெட்டியின் மேலே உள்ள கம்பி வலைதான் கலிங்கு. தேங்கி நிற்கும் நேரத்தில் வண்டல் அடியில் படியும், அதில் ஒட்டிய உலோகங்களும் பாஸ்பரஸில் ஒரு பங்கும் அதனோடு படியும். கரைந்திருக்கும் நைட்ரஜன் அப்படிப் படியாது. புல்தரைக்குப் போடும் உரம் இங்கே பெரிய தலைவலியாவது அதனால்தான். பல கவுண்டிகளில் (மாவட்டங்களில்) ஜூன் முதல் செப்டம்பர் வரை உரத்துக்குத் தடை உண்டு. உங்கள் கவுண்டி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரம் சேர்ந்தால் பாசி பொங்கும். இரவில் அது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடிந்தால் மீன்கள் மிதக்கும். உடனே காப்பர் சல்பேட் தெளிக்கச் சொல்வார்கள். பாசி சாகும், செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போகும், சத்து திரும்பத் தண்ணீரில் கலக்கும், தாமிரம் சேற்றிலேயே தங்கும். என்னைக் கேட்டால், கரையோரம் பத்தடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுவதும், வெட்டிய புல்லைத் தண்ணீரில் ஊதித் தள்ளாமல் இருப்பதும் அதைவிட மேல். ‘பார்க்க அசிங்கம்’ என்று பக்கத்து வீட்டார் புகார் சொல்லக்கூடும், அது வேறு கதை.

குளம் ஆழமாக இருப்பதால் வெள்ளம் வராது என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், அதனால் அந்த ஆழம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். வழக்கமான நீர்மட்டத்துக்கும் கரைக்கும் இடையிலுள்ள வெற்றிடம்தான் மழைக்கான இடம். வடிகுழாய் கடல் ஓதம் ஏறும் ஓடையில் முடிந்தால், ஏற்றத்தின்போது தண்ணீர் வடியாது. குழாய் வாயில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால் கடல்நீரே உள்ளே வரும். கனமான உப்புநீர் அடியில் தங்கிவிடுவதால் அங்கே ஆக்சிஜன் எட்டாது.

பெருமழைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். மட்டம் இறங்கவில்லையா, வலை குப்பையால் அடைந்திருக்கிறதா, குழாயைச் சுற்றி மண் அரித்திருக்கிறதா? கையெழுத்துக்கு முன் எச்ஓஏவிடம் கடைசி ஆய்வறிக்கையையும், தூர் வார ஒதுக்கிய ரிசர்வ் நிதிக் கணக்கையும் கேளுங்கள். நிதி இல்லையென்றால் ஒருநாள் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று பெரிய தொகை ஒவ்வொரு வீட்டுக்கும் வரும்.

குழந்தைகளைக் குளத்தில் இறங்க விடாதீர்கள்; முதலை இருக்கலாம், அதற்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். வீட்டுக் கடனுக்காக எடுப்பதற்கு இந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கு உண்டு.