சைக்கிளில் மலையேற எந்தச் சாலைகள் நல்லவை? ஊட்டிக்கு முன்னால் கிழக்கு மலைகளுக்கு வாருங்கள்

கேள்வி: ரோடு சைக்கிள் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. சமவெளியில் 70, 80 கி.மீ. சிரமமில்லாமல் ஓட்டுகிறேன். தமிழ்நாட்டில் மலைப்பக்கம் சைக்கிளில் போக அழகான சாலைகள் எவை? முதலில் ஊட்டிக்கே போய்விடலாமா?

பதில்:

ஊட்டி எங்கும் ஓடிப்போகாது. முதலில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலை, கொல்லிமலை, சவ்வாது மலை ஆகிய மூன்றையும் ஓட்டிவிட்டு வாருங்கள். நான் சேலத்துக்காரன், அதனால் சொந்த ஊர்ப் பாசமும் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் வருடக்கணக்காக இந்த மலைகளிலும் நீலகிரியிலும் மாறி மாறி ஓட்டியவன் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன்: சைக்கிளுக்கு ஏற்ற மலை கிழக்கு மலைதான்.

நீலகிரி, வால்பாறைச் சாலைகளில் பாதி தூரம் காட்டுக்குள் போகும். அங்கே நினைத்த இடத்தில் நிற்க முடியாது, சோதனைச் சாவடிகளின் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும், யானை எந்த வளைவில் நிற்கும் என்று தெரியாது. மீதிப் பாதியில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கிழக்கு மலைகள் அப்படியில்லை. அவற்றின் மேல்தளத்தில் தலைமுறை தலைமுறையாக மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளக்காரர்கள் அல்ல) விவசாயம் செய்கிறார்கள். ஏற்றம் முடிந்த இடத்தில் ஊர் தொடங்குகிறது: வயல், பள்ளிக்கூடம், டீக்கடை, மேடும் பள்ளமுமாகப் போகும் சின்னச் சாலை. மலைமேல் உள்ள இந்த ஊர்ச்சாலைகளுக்காகத்தான் ஏறுகிறோம் என்பேன். ஏற்றமும் அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டரைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். ஒரு காலைப் பொழுதில் முடியும்.

முதல் மலையாகச் சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு போகும் பிரதான சாலைதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஏறக்குறைய 1,100 மீட்டர் ஏற்றம். சரிவு சீராக இருப்பதால் முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு நல்ல சாலை, ஆனால் சனி, ஞாயிறில் கார்கள் விடாது. வார நாளில் விடியும்முன் கிளம்பினால் இந்தச் சாலை. வார இறுதி என்றால் அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூர் போய், அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறுங்கள். குறுகலான பாதைதான், சில இடங்களில் மூச்சு வாங்கும், ஆனால் போக்குவரத்து மிகக் குறைவு. குப்பனூர் பக்கம் ஏறி சேலம் பக்கம் இறங்குவதே எனக்குப் பிடித்த சுற்று. பெருமழைக்குப் பிறகு குப்பனூர்ப் பாதையில் மண்சரிவு வருவதுண்டு. அதனால் மழைக்காலத்தில் கிளம்பும்முன் உள்ளூரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் ஏரிவரை போய்விட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். ஊரைச் சுற்றி எஸ்டேட்டுகளுக்குள்ளும் சின்னச் சின்னக் கிராமங்களுக்குள்ளும் 32 கி.மீ. வட்டச் சாலை ஒன்று ஓடுகிறது. லூப் ரோடு என்றால் யாரும் வழி காட்டுவார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காப்பிச் செடி, நடுவில் உங்கள் சாலை. மார்ச், ஏப்ரலில் கோடைமழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பி பூக்கும். அந்தச் சமயத்தில் ஓட்டிப் பாருங்கள், மல்லிகைத் தோட்டத்துக்குள் போவது போல இருக்கும். தெம்பு மிச்சமிருந்தால் 5,326 அடி உயரத்திலுள்ள சேர்வராயன் கோயில்வரை ஏறலாம். எஸ்டேட் பகுதியில் காட்டுமாடு உலவும். சாலையில் நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், அதுவாகப் போகும்வரை நகர வேண்டாம்.

அடுத்தது கொல்லிமலை. ஒரே ஒரு மலைதான் ஓட்ட முடியும் என்று என்னிடம் யாராவது சொன்னால் இதைத்தான் கை காட்டுவேன். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண்பலகை. எழுபது என்றதும் பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த எழுபதுதான் நமக்கு உதவி. இதே உயரத்துக்கு வளைவுகளைக் குறைத்துச் சாலை போட்டிருந்தால் சரிவு செங்குத்தாகியிருக்கும். சாலையை மடக்கி மடக்கி இருபது கி.மீ.க்கு மேல் நீட்டியிருப்பதால் சராசரிச் சரிவு ஐந்து சதவீதம் போலத்தான் வருகிறது. பலகையில் எண் ஏற ஏற வெயில் தணியும், மரங்கள் மாறும், கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்கள் சின்னதாகிக்கொண்டே போகும்.

சோளக்காட்டில் ஏற்றம் ஏறக்குறைய முடிகிறது. அங்கே சந்தை கூடும் நாளாக இருந்தால் அன்னாசி, பலா, மலைவாழை, மிளகு எல்லாம் மலைக்காரர்களே கொண்டுவந்து விற்பார்கள். வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் அடைத்து வரும் எனர்ஜி ஜெல்லைவிட வயிற்றுக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் செம்மேடு, வல்வில் ஓரியின் சிலை. பாணர்களுக்கு வாரிக்கொடுத்த அந்த ஓரி ஆண்ட மலை இது. இன்றும் இங்கே ஊர்ப்பகுதிகளுக்கு வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்றுதான் பெயர். செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில்வரை போகும் சாலையை நிதானமாக ஓட்டுங்கள். படிப்படியான நெல்வயல், நடுவே சாமை, ராகிக் காடு, ஒரு சின்ன இறக்கம், உடனே ஒரு சின்ன ஏற்றம் என்று கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்பி ஓட்ட வேண்டிய கால்களோடு, அதுவும் பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ போட்டுக்கொண்டு, அன்றைக்கு அது வேண்டாம். இரவு மேலே தங்கினால் மறுநாள் பார்க்கலாம். ஆடிப் பெருக்கை ஒட்டி ஓரி விழாக் கூட்டம் இருக்கும். சைக்கிளுக்கு அந்த நாட்கள் சரிப்படாது.

சவ்வாது மலை மூன்றிலும் சுலபமானது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர், பிறகு போளூர் பக்கம் இறங்கலாம். கடுமையான ஏற்றம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மரநிழலில் மெல்ல மெல்ல உயரும் சாலை. காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது இங்கிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். நகர வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து அமைத்தது. அந்த அமைதி பகலில் நமக்கும் கிடைக்கிறது. ஜமுனாமரத்தூரில் தேனும் சாமை அரிசியும் வாங்காமல் நான் இறங்குவதில்லை. சென்னைக்காரர்களுக்கும் வேலூர்க்காரர்களுக்கும் இதுதான் கிட்டத்து மலை.

ஏலகிரியைப் பற்றியும் கேட்பார்கள். 14 வளைவுகள், அவற்றுக்குப் பாரி, ஓரி, கபிலர், ஔவையார் என்று வள்ளல்கள், புலவர்களின் பெயர்கள். ஏற்றம் சின்னது, மேலே விடுதிகள் நிறைந்துவிட்டன. பயிற்சிக்கு இரண்டு மூன்று முறை ஏறி இறங்க நல்லது, பயணமாகப் போக அவ்வளவு இல்லை.

இனி கியர். மலைக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. வேகம் வரும். எட்டு சதவீதச் சரிவில் அந்த வேகத்தை ஓரளவு பழகிய எவரும் நீண்ட நேரம் தாங்கலாம். முன்னால் 39, பின்னால் 25 என்று பழைய ரேஸ் கியரோடு போனால் அதே 60 சுற்றுக்கு ஏறக்குறைய 12 கி.மீ. வேகத்தில் போயாக வேண்டும், கால் அரை மடங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். முடியாதபோது சுற்றைக் குறைத்து அழுத்தி மிதிப்போம், முழங்கால் வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பை, மாற்றும் செலவுக்குத் தயங்காதீர்கள்.

வளைவுகளில் ஒரு விஷயம். நாம் இடதுபக்கம் ஓட்டுவதால், இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்பக்கம் நமக்கு வரும். அங்கேதான் சரிவு மிகச் செங்குத்து. வளைவு வருவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். நடுவில் மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். வலதுபக்க வளைவில் நாம் வெளிவட்டத்தில் போவோம், சரிவு தணியும், மூச்சு வாங்கிக்கொள்ள அதுதான் இடம். பேருந்துச் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று அதைப் போகவிடுங்கள். முழு அகலத்தையும் எடுக்காமல் அதனால் திரும்ப முடியாது. மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் எதிரே வருகிறவருக்கு அது நினைவிருக்கும் என்று நம்பி ஓட்டக் கூடாது.

ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சக்கர வளையத்தையே (ரிம்) பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் சைக்கிளில் தொடர்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும் அபாயம் உண்டு. நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் ரிம் ஆறுவதற்காகவே இரண்டு, மூன்று இடத்தில் நிற்கலாம். வளைவுகளில் உருண்டு கிடக்கும் ஜல்லியைப் பாருங்கள், அதைவிடக் காயப்போட்ட தானியத்தையும் அதைத் தின்ன வரும் குரங்குகளையும் பாருங்கள்.

காலம் என்று பார்த்தால் டிசம்பர் இரண்டாம் பாதியிலிருந்து பிப்ரவரி முடியவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும், அடிவாரம் கொதிக்காது. கோடையில் போவதென்றால் இருட்டோடு கிளம்பி எட்டு மணிக்குள் பாதிக்கு மேல் ஏறிவிட வேண்டும். மாலையில் இறங்கும் திட்டம் வேண்டாம். முன்விளக்கு, பின்விளக்கு எப்போதும் எரியட்டும், பகலிலும் பனிமூட்டம் திடீரென்று இறங்கும். இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். பஞ்சருக்கான சாமான் மட்டும் கையோடு இருக்கட்டும், ரோடு சைக்கிள் ட்யூப் மேலே எங்கும் கிடைக்காது.

இந்த மூன்றையும் ஓட்டிய பிறகு நீலகிரிக்குப் போங்கள், அதுவும் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி வழியில். 33 கி.மீ. போல, ஒன்றரைக் கி.மீ. உயரத்துக்கு விடாத ஏற்றம், குன்னூர் சாலையைவிட நெரிசல் குறைவு. வால்பாறையின் 40 வளைவுகள் அதற்கடுத்து. அங்கே ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடுகள் சாலையோரத்திலேயே நிற்கும், ஆழியாறு அணை முழுக்கத் தெரியும். ஆனால் புலிகள் காப்பகம் என்பதால் சைக்கிளை விடுவார்களா என்று வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் 36 வளைவுகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதத்தைத் தாண்டும் சரிவுகள் அடுத்தடுத்து வரும். 2008இலிருந்து நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் பழகிய ஓட்டிகளையே திணறவைக்கும் ஏற்றம் அது. கொல்லிமலையை ஒருதடவைகூடக் கால் ஊன்றாமல் ஏற முடிகிறபோது கல்லட்டியைப் பற்றி யோசிக்கலாம்.