விறாந்தையில் இருக்கும் மாமி

உப்புவெளியில் இருந்து ஒரு தாய் எழுதுகிறார்: 13 வயது மகன் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் காமிக்ஸே கதி என்று கிடக்கிறான். கொப்பி முழுக்க மந்திரச் சக்கரம் கீறுகிறான். இரவில் விறாந்தையில் இருந்து, கண் தெரியாத மாமிக்கும் அந்தச் சூனியக் கதையைத்தான் தமிழில் சொல்கிறான். கோயிலில் நூல் கட்டியும் மாறவில்லை. புத்தகங்களை எரித்துவிடட்டுமா?

தங்கச்சி, எரிக்க வேண்டாம். காமிக்ஸ் வாசித்து எந்தப் பிள்ளைக்கும் பேய் பிடித்ததில்லை. அந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

நான்கு பக்கக் கடிதத்தில் மாமி வருவது ஒரே ஒரு வரியில். அதையும் மகன் மேல் குற்றம் சொல்லத்தான் எழுதியிருக்கிறீர்கள். கண் தெரியாத மனுஷி விறாந்தையில் இருக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அவர் பெற்ற மகன், உங்கள் கணவர், எங்கே? அவரோடு பேச அந்த வீட்டில் 13 வயதுப் பிள்ளையை விட்டால் வேறு ஆளில்லையா?

அவன் சொல்லும் கதையை ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டீர்களா? 1963இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த பாத்திரம் அது. ஸ்ட்ரேஞ்ச் காசே குறியாக இருந்த சத்திரசிகிச்சை நிபுணர். கார் விபத்தில் கை நரம்புகள் கெட்டுப்போகின்றன. சுகம் தேடி இமயமலையில் ஒரு கிழவரிடம் போகிறார். அங்கே மோர்டோ என்ற சீடன் குருவையே ஒழிக்கச் சதி செய்வதைக் கண்டுபிடிக்கிறார். கிழவரிடம் அதைச் சொல்ல முடியாதபடி மோர்டோ மந்திரத்தால் அவர் வாயைக் கட்டிவிடுகிறான். கையைக் குணமாக்க வந்த மனிதர், அந்தக் கிழவரைக் காப்பதற்காக அங்கேயே தங்கி மந்திரம் படிக்கிறார். இதில் சூனியக்காரன் யார்? வயதானவரை ஒழிக்க நினைத்தவன். இந்தக் கதையைத்தான் உங்கள் மகன் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அதை எரிக்கவா என்று கேட்கிறீர்கள்!

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா ஏழு வெந்நீர்க் கிணற்றின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தாயின் ஈமக்கிரியைக்காக இராவணன் நிலத்தைக் குத்தி வரவழைத்த வெந்நீர் என்றுதான் நம் பக்கத்தில் சொல்வார்கள். நாளைக்கு மாமிக்கும் அங்கே போய் எல்லாம் குறைவில்லாமல் செய்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைக்கு அவருக்கு வேண்டியது பேச்சுத்துணை.

இன்றிரவு சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு நீங்களும் கணவரும் விறாந்தைக்குப் போங்கள். கதையை முதலில் இருந்து சொல்லச் சொல்லுங்கள். படத்தைப் பார்க்க முடியாத அப்பம்மாவுக்கு அந்தச் சக்கரத்தின் நிறத்தை அவன் எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறான் என்று கேட்டுவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.