எல்லை மூடும் முன்னே முடிவெடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

மிஷனரியாக வெளிநாட்டுப் பணித்தளத்துக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கொரோனா போல இன்னொன்று பரவினால் குடும்பத்தோடு அங்கேயே நிற்பதா, திரும்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூத்த மகள் பக்கத்து நாட்டில் விடுதிப் பள்ளியில் இருக்கிறாள், சின்னவனுக்கு ஆஸ்துமா என்பதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது ஜனவரி 30 அன்று. பெருந்தொற்று என்று சொன்னது மார்ச் 11 அன்று. நடுவில் ஏறக்குறைய ஆறு வாரம் இருந்தது. உலகின் பெரும்பகுதியில் விமானம் ஓடியது, தூதரகம் திறந்திருந்தது, மருந்துக் கடையில் மருந்து இருந்தது. மார்ச் நடுவிலிருந்து சில வாரங்களுக்குள் நாடு நாடாக எல்லையை மூடினார்கள். அந்த ஆறு வாரத்தைச் செய்தி பார்த்தே கழித்தவர்களுக்கு அதன்பின் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த அவசரநிலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2023 மே 5-ஆம் தேதி. சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில் திட்டம் போடாதீர்கள்.

ஆகவே நிற்பதா, போவதா என்பதை நெருக்கடியின் நடுவில் யோசிக்காமல், இன்றைக்கே நிபந்தனைகளாக எழுதி வையுங்கள். நான் வைக்கச் சொல்வது நான்கு. மகனின் மருந்து தொடர்ந்து கிடைக்கிறதா? ஆக்சிஜன் தரக்கூடிய மருத்துவமனைக்குச் சில மணி நேரத்தில் போய்ச் சேர முடிகிறதா? தங்கும் அனுமதி செல்லுபடியாகிறதா? மகளை உங்களோடு சேர்க்க வழி இருக்கிறதா? இவற்றில் மருந்தோ மகளோ கைவிட்டுப்போகும் நிலை வந்தால் அது ஒன்றே புறப்படப் போதும். மற்ற இரண்டும் சேர்ந்து தவறினால் புறப்படுங்கள். திரும்பிப் போவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். மூச்சுத் திணறும் பிள்ளையோடு நீங்கள் அங்கே இருந்தால், குறைவாகவே உள்ள படுக்கைகளில் ஒன்று உங்களுக்குப் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அது தேவைப்படலாம்.

இந்த நிபந்தனைகளை எழுதிய தாளை, உங்களை அனுப்பிய சபைக்கும் மிஷன் அலுவலகத்துக்கும் காட்டி மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கடைசி முடிவு யாருடையது, திடீர் பயணச் செலவை யார் ஏற்பார்கள், திரும்பிய பிறகும் மாதாந்தர ஆதரவு தொடருமா? ஆராதனை நின்றால் காணிக்கை குறையும், அதனால் உங்களுக்கு வரும் பணமும் தாமதமாகும். மூன்று மாதச் செலவாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டில் பெருந்தொற்று விலக்கு உண்டா என்று சின்ன எழுத்து முழுவதையும் படியுங்கள். விமானத்தில் நோயாளியை வெளியேற்றும் சேவை காப்பீட்டில் இருக்கிறது என்பதும், தொற்று உள்ளவரை ஏற்றுவார்கள் என்பதும் வேறு வேறு.

மகள் விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். சொந்த நாட்டுக்கான மீட்பு விமானம் அவள் இருக்கும் நகரத்திலிருந்து ஒன்று, உங்கள் நகரத்திலிருந்து வேறொன்று என்று புறப்படும். அவள் பெயர் உங்கள் தூதரகப் பட்டியலில் தானாக வராது. அவள் படிக்கும் நாட்டில் உள்ள உங்கள் சொந்த நாட்டுத் தூதரகத்திலும் அவள் பெயரைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அந்த நாட்டுக்குள் நீங்களோ கணவரோ பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா ஒருவருக்காவது இப்போதே வேண்டும்; நெருக்கடி வந்தபின் விண்ணப்ப அலுவலகமே மூடியிருக்கும். தாயும் தகப்பனும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றளித்த அதிகாரக் கடிதம் ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும். பெயர் குறிப்பிட்ட பொறுப்பாளர் அவளோடு பயணிக்கலாம், சிகிச்சைக்கு ஒப்புதல் தரலாம் என்று அதில் இருக்கட்டும். மகளின் பாஸ்போர்ட் பள்ளி அலுவலகப் பெட்டகத்தில் இருந்தால், விடுமுறை நாளில் அதைத் திறக்க யாரிடம் சாவி என்று கேட்டுவையுங்கள். வழியில் விமானம் மாறும் பயணமாக இருந்தால் தனியாக வரும் பிள்ளையைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. அப்படியானால் யாரோடு வருவாள் என்பதும் தீர்மானமாகியிருக்க வேண்டும். இரண்டு நாடுகளில் ஏதாவது ஒன்று எல்லைக் கட்டுப்பாட்டை அறிவித்த அன்றே அவளை அழைத்து வாருங்கள். ஒரு பருவப் படிப்பு போனால் போகட்டும்.

அடுத்து மகனின் இன்ஹேலர். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரில் எத்தனை பஃப் என்று பெட்டியில் பாருங்கள். 200 பஃப் உள்ளதைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று எடுத்தால் 50 நாளில் தீரும். மூன்று மாதத்துக்கு இரண்டு வேண்டும். எண் காட்டும் கவுன்ட்டர் இல்லாத இன்ஹேலராக இருந்தால் தொடங்கிய தேதியை மார்க்கரால் மேலேயே எழுதுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் அது உஸ் என்று அடித்துக்கொண்டேயிருக்கும். வெறும் வாயு வருவது சத்தத்தில் தெரியாது. இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்சுவரில் நிலைமின் ஏறி, மருந்து பையனின் நுரையீரலுக்குப் போகாமல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். மருந்தைப் புகைபோலாக்கித் தரும் நெபுலைசர் கருவியை நம்பியே இருக்காதீர்கள்: மின்சாரம் வேண்டும், காற்றில் பரவும் தொற்றில் அறை முழுவதும் துளிகளைப் பரப்பும் என்று கொரோனா காலத்தில் பல மருத்துவமனைகள் அதைத் தவிர்த்தன. மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு, எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மாறாத மூலப்பெயரும் அளவும் இருக்கட்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் கட்டாயம். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, நெயில் பாலிஷ் இல்லாத வெதுவெதுப்பான விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து எழுதுங்கள். 95 அல்லது அதற்கு மேல் என்றால் சரி. 93, 94 என்றால் மருத்துவரை அழையுங்கள். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இரண்டு எச்சரிக்கை. கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். மலைப்பகுதியில் ஆரோக்கியமானவருக்கே எண் குறைவாக இருக்கும். எல்லோரும் நலமாக இருக்கும்போதே அவரவர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா என்று பலர் யோசிப்பார்கள். 680 லிட்டர் வாயு உள்ள சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் இரண்டே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அது மருத்துவமனை போய்ச் சேரும் வழிக்கு மட்டுமே. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் என்றால் தடையில்லாத மின்சாரம் வேண்டும்.

மலேரியா உள்ள இடமானால் எந்தக் காய்ச்சலையும் புதுத் தொற்று என்றே முடிவு கட்டாதீர்கள். ஊரெல்லாம் ஒரே நோயைப் பற்றிப் பேசும் காலத்தில்தான் மலேரியா கவனிக்கப்படாமல் ஆளைக் கொல்லும். காய்ச்சல் வந்த அன்றே மலேரியாவுக்கான துரிதப் பரிசோதனை செய்யுங்கள். சமீபத்தில் மலேரியாவுக்கு மருந்து எடுத்தவருக்குச் சில வகைப் பரிசோதனைகள் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், அப்போது ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் சிறுபிள்ளைக்கு ஆபத்து.

தாயும் தகப்பனும் ஒரே நாளில் தனிமைப்படுத்தப்பட்டால் பிள்ளைகள் யார் வீட்டில் இருப்பார்கள்? இதைப் பேசவே பலருக்கு மனம் வராது, ஆனாலும் இந்த வாரமே பேசிவிடுங்கள். உள்ளூரில் இரண்டு குடும்பங்களிடம் நேரில் ஒப்புதல் வாங்குங்கள். ஒன்று போதாது, அவர்களும் அதே வாரம் படுக்கலாம். மருந்து அட்டவணையும் ஒப்புதல் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் ஒரே உறையில் அவர்களிடம் இருக்கட்டும். உயிலில் நிரந்தரப் பாதுகாவலர் யார் என்று எழுதுங்கள். சொந்த ஊரில் இருக்கும் பெற்றோர் காலமானால் உங்களால் போக முடியாமல் போகலாம். முன்னின்று காரியம் பார்ப்பது யார் என்று உடன்பிறந்தவர்களோடு இப்போதே பேசிக்கொண்டால் அந்த நாளின் வேதனையோடு மனத்தாங்கலும் சேராது.

தங்கும் அனுமதியைப் பற்றிச் சுருக்கமாக: நீட்டிப்பு தானாகக் கிடைக்கும் என்று அறிவித்தாலும் அந்த அறிவிப்பை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வையுங்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி ரத்தாகும் நாடுகள் உண்டு. புறப்படும் முன் அந்தக் கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திட உள்ளூர் உடன் ஊழியர் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டே போங்கள். வீட்டில் வேலை செய்கிறவருக்கு நீங்கள் இல்லாத மாதங்களின் சம்பளமும் அதில் அடங்கட்டும்.

ஊழியத்தில் முதலில் நிறுத்த வேண்டியது மூடிய அறையில் பாடுவது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஸ்காஜிட் கவுண்டியில் பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்த 61 பேரில் 53 பேருக்குத் தொற்று இருந்ததாகவோ இருந்திருக்கலாம் என்றோ கண்டறிந்தார்கள், இருவர் இறந்தார்கள். உள்ளூர்ச் சபை கூடுவதை நிறுத்தத் தயங்கினாலும் வெளியாளாகிய நீங்கள் முதலில் நிறுத்துங்கள். நோயை வெளிநாட்டுக்காரர்தான் கொண்டுவந்தார் என்ற பேச்சு சீக்கிரம் கிளம்பும். உணவுப் பொதி கொடுத்தால் ஊர்த்தலைவர் அல்லது சுகாதாரப் பணியாளர் வழியாகக் கொடுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று ஒருநாளும் கொடுக்காதீர்கள்.

ஜெபக் கடிதத்தில் நோயுற்ற விசுவாசிகளின் பெயரையோ ஊரையோ எழுதாதீர்கள். அந்நாட்டு மருத்துவமனையைக் குறைசொல்லியும் எழுதாதீர்கள். அது கைமாறி கைமாறி விசா அதிகாரியின் கண்ணுக்கும் போகும்.

மகன் எடுக்கும் இன்ஹேலரின் மூலப்பெயரையும், மகள் படிக்கும் நாட்டுக்கு உங்களிடம் இப்போது இருக்கும் விசா எந்த வகை என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டுக்கும் குறிப்பாக என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.