வீடு எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எல்லோருக்குமான நகரம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மலிவான கட்டுமானப் பொருள்களையும் விரைவான கட்டுமுறைகளையும் பயன்படுத்திச் செலவைக் குறைத்துவிட்டால், எளியவர்களுக்கும் நகரில் வீடு கிடைத்துவிடும் அல்லவா? – கட்டுமானப் பொறியாளர் ஒருவர்

செலவைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் நகரின் நடுப்பகுதியில் ஒரு வீட்டின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது செங்கல்லும் சிமென்டும் அல்ல, நிலமே. இதனால்தான் மலிவு வீடுகளைக் கட்டப் புறப்படும் அரசுகள், நிலம் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஊர்க்கோடியைத் தேடிப் போகின்றன. அங்கே குடியேறும் குடும்பம் வாடகையில் மிச்சப்படுத்தியதைப் பயணத்தில் இழக்கிறது. வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வருவதிலேயே நாளில் பாதி கழிகிறது. சில ஆண்டுகளில் வீட்டைப் பூட்டிவிட்டோ உள்வாடகைக்கு விட்டுவிட்டோ வேலை கிடைக்கும் இடத்துக்கே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து, 'கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று சலித்துக்கொள்பவர்கள், அந்தக் குடியிருப்புக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். அந்தக் கோடிவரை குடிநீர்க் குழாயும் கழிவுநீர்ப் பாதையும் சாலையும் நீட்டப்பட வேண்டும் என்பது வேறொரு துறையின் கணக்கில் எழுதப்படுவதால், 'மலிவு வீடு' தாளில் மட்டும் மலிவாகவே இருந்துவிடுகிறது.

இதற்கு மாறான ஒரு முடிவு சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் எடுக்கப்பட்டது. நகரின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் முப்பது ஆண்டுகளாக நூறு குடும்பங்கள் அனுமதியின்றி வாழ்ந்துவந்தன. நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மானியம் 7,500 டாலர். சமூக வீட்டுத் திட்டங்கள் வழக்கமாகக் கொடுக்கும் நிலவிலையைப் போல மூன்று மடங்கு அந்த நிலத்துக்குத் தேவைப்பட்டது. கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு குடும்பங்களை வெளியேற்றாமல் அதே நிலத்தை வாங்கச் செய்தது. மிஞ்சிய பணத்தில் முழு வீடு கட்ட முடியாது என்பதால் 36 சதுர மீட்டரில் பாதி வீட்டை மட்டும் கட்டி, மறுபாதியைக் குடும்பங்கள் பின்னர் எழுப்பிக்கொள்ள அளந்து வைத்த வெற்றிடமாக விட்டது. கின்ட்டா மொன்ராய் என்னும் அந்தக் குடியிருப்பு 2004-இல் நிறைவடைந்தது. வீட்டின் அளவைச் சுருக்கினார்கள். வீடு நிற்கும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. என் கணிப்பில் அதன் முதன்மையான சாதனை இதுதான். பலரும் வியந்து பேசும் பாதி வீடு அதற்கு அடுத்தபடியே வருகிறது.

கேள்வி: பாதி வீட்டைக் கொடுத்துவிட்டு மீதியை நீயே கட்டிக்கொள் என்பது, அரசு தன் பொறுப்பைக் கைகழுவுவது ஆகாதா? – கட்டடக்கலை மாணவி

ஆகக்கூடும். எந்தப் பாதியைக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. அடித்தளம், தாங்கு தூண்கள், படிக்கட்டு, சமையலறை, கழிப்பறை, குழாய் இணைப்பு ஆகியவை ஒரு குடும்பம் தன் கையிருப்பிலும் தன் திறமையிலும் சரியாகச் செய்துகொள்ள முடியாதவை. பிழையானால் உயிருக்கே ஆபத்தாக முடிபவை. இவற்றைப் பொதுப்பணத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, ஓர் அறையையோ தடுப்புச் சுவரையோ குடும்பத்திடம் விட்டால் அது நியாயமான பங்கீடு. வெறும் நான்கு சுவர்களை எழுப்பிக் கொடுத்துவிட்டுக் கழிப்பறையை அவர்கள் தலையில் கட்டுவதுதான் நீங்கள் சொல்லும் கைகழுவல்.

இந்தச் சிந்தனை அரவேனாவிடம் தொடங்கியதும் அல்ல. இந்தூர் நகரில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில், மிக எளிய குடும்பங்களுக்கு மனையும் கழிப்பறையும் நீர், மின் இணைப்புகளும் கொண்ட கருவீடுதான் வழங்கப்பட்டது. வருமானம் பெருகப் பெருக மாடியும் திண்ணையும் அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். வெவ்வேறு வருமானத்தினரின் மனைகளை ஒரே திட்டத்துக்குள் அருகருகே அமைத்ததும் அதன் சிறப்பு. 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மீதியைக் கட்டுவதற்கு உடல் வலுவோ கடன் வசதியோ வேண்டும். தனியாக வாழும் முதியவருக்கும், குழந்தைகளோடு தனித்து நிற்கும் பெண்ணுக்கும் பாதி வீடு என்றென்றும் பாதி வீடாகவே நின்றுவிடலாம். அவர்களுக்கு முழு வீடுதான் கொடுக்கப்பட வேண்டும்.

கேள்வி: எல்லோரையும் சொந்த வீட்டுக்காரர்கள் ஆக்குவதே தீர்வு என்கிறார்கள். வாடகை வீட்டிலேயே நிம்மதியாக வாழ வழி இல்லையா? – வாடகை வீட்டில் வசிக்கும் வாசகர்

இருக்கிறது; வியன்னாவில் நூறு ஆண்டுகளாக இருக்கிறது. 1923-இல் அந்நகரம் வீட்டு வரியொன்றை விதித்தது. ஆடம்பர வீடுகளுக்கு மிகக் கூடுதலாக விதிக்கப்பட்ட அந்த வரியைக் கொண்டு, அடுத்த சுமார் பத்தாண்டுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகளை எழுப்பியது. இன்று ஏறத்தாழ 2,20,000 குடியிருப்புகள் நகரத்துக்கே சொந்தம். குடிவரும்போதுதான் வருமான வரம்பு பார்க்கப்படுகிறது. பிற்பாடு வருமானம் உயர்ந்தாலும் வெளியேறச் சொல்வதில்லை. இதனால் ஆசிரியரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். 'ஏழைகள் கட்டடம்' என்ற முத்திரை விழுவதில்லை.

சிங்கப்பூர் எதிர்த்திசையில் போய், 1960-இல் தொடங்கிய வீட்டு வாரியத்தின் மூலம் 99 ஆண்டுக் குத்தகையில் வீடுகளை விற்றது. ஒன்று வாடகை, மற்றொன்று உரிமை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, நிலத்தை முன்கூட்டியே வாங்கிப் பொதுவுடைமையாக வைத்துக்கொண்ட பழக்கம்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் செல்பவள். சாய்தளம் இருக்கிறது என்று சொல்லப்படும் கட்டடங்களில்கூட யாராவது தூக்கிவிட்டால்தான் உள்ளே போக முடிகிறது. இது ஏன் சரியாவதில்லை? – வாசகி

சாய்தளத்தைக் கட்டடம் முடிந்தபிறகு நினைத்துப் பார்ப்பதால்தான். ஓர் அலகு உயர்வதற்குப் பன்னிரண்டு அலகு நீளம் வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. வாசலைத் தெருவிலிருந்து 60 செ.மீ. உயர்த்திவிட்டால், இடையில் நின்று இளைப்பாறும் தளத்தைச் சேர்க்காமலேயே, 7.2 மீட்டர் சாய்தளம் தேவைப்படும். முன்புறத்தில் அவ்வளவு இடம் மிஞ்சியிருக்காது. ஆகவே மூன்று மீட்டரில் செங்குத்தாக ஒன்றைக் கட்டி விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டுகிறார்கள், அல்லது குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பின்வாசலுக்கு அதைத் தள்ளிவிடுகிறார்கள். முதல் வரைபடத்திலேயே வெள்ள மட்டத்தையும் தெரு மட்டத்தையும் அளந்து, வாசலை வேண்டிய அளவுக்கு மட்டும் உயர்த்தினால் பல கட்டடங்களில் நீண்ட சாய்தளமே தேவைப்படாது.

நடைபாதையிலும் இதே கதைதான். பார்வையற்றோர் பாதத்தால் உணர்ந்து நடப்பதற்கான புடைப்பு ஓடுகளை வடிவமைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே; 1967-இல் ஒகாயாமா நகரின் ஒரு சாலைக் கடப்பில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் அந்த ஓடுகளைப் பார்க்கலாம். அவற்றில் சில ஒழுங்காக நீண்டு போய் விளக்குக் கம்பத்தில் முட்டி நிற்பதையும் பார்க்கலாம். பதித்தவருக்கு அது வெறும் அலங்காரக் கோடு. வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன், உங்களைப் போன்றவர்கள் அந்தப் பாதையில் ஒருமுறை போய்ப் பார்த்துக் கையெழுத்திடும் ஏற்பாடு இருந்தால் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை காகிதத்திலேயே பிடிபட்டுவிடும். அவ்வாறு கேட்கப்படுவது உங்கள் உரிமை. அதைச் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதிக்கான நகரத் திட்ட வரைவு மக்கள் கருத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது. வண்ண வரைபடங்கள் ஒன்றும் புரியவில்லை. எதைக் கவனித்துப் படிப்பது? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பசுமை, நவீனம், உலகத்தரம் போன்ற சொற்கள் வரும் முகவுரைப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். பூங்காவோ ரயில் நிலையமோ வருகிற இடத்தைச் சுற்றி, ஏற்கெனவே குடியிருக்கும் வாடகைதாரர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று தேடுங்கள். வேலை தொடங்கியபிறகு அதைச் சேர்ப்பது கடினம், ஏனென்றால் வாடகை அதற்குள் ஏறிவிடும். பழைய குடியிருப்புகளை 'இடித்துக் கட்டுதல்' என்று எழுதியிருந்தால், சீரமைக்க முடியுமா என்று ஆராய்ந்த அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பிரான்சின் போர்தோ நகரில் 530 வீடுகள் கொண்ட 1960-களின் அடுக்குமாடிக் கட்டடங்களை, குடியிருந்தவர்களை வெளியேற்றாமலேயே லகாத்தோன், வசால் உள்ளிட்ட கட்டடக்கலைஞர்கள் விரிவுபடுத்தினார்கள். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வரும் நிலையில், நிற்கும் கட்டடத்தைக் காப்பாற்றுவதைப் போன்ற பசுமைத் திட்டம் அரிது.

அதன்பின், பெரும்பாலும் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும் வாகன நிறுத்த விதியைப் படியுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்றிருந்தால், கார் இல்லாத குடும்பமும் அந்த இடத்துக்கான விலையைத் தன் வீட்டு விலைக்குள் சேர்த்துக் கட்டுகிறது. 2017-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் இந்தக் கட்டாயத்தை நகர் முழுவதும் நீக்கியது. திருப்பும் பாதையையும் சேர்த்துக் கணக்கிட்டால், கட்டடத்துக்குள் ஒரு கார் நிற்க 25 முதல் 30 சதுர மீட்டர்வரை தேவை; இக்கீக்கேயில் ஒரு குடும்பம் வாழ்க்கையைத் தொடங்கிய வீடு 36.