நிர்வாகப் பகுதிக்கு நானே எழுதிய லாகின் போதுமா?

கேள்வி: என் இணையதளத்தை ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளங்களை அமைக்க உதவும் மென்பொருள் சட்டகம்) எழுதியிருக்கிறேன். நிர்வாகப் பக்கங்களுக்கு நானே ஒரு லாகின் அமைத்து, பாஸ்வேர்டை எம்டி5 ஹேஷாக, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட குறியீடாகச் சேமிக்கிறேன். அந்தப் பக்கங்களுக்கான இணைப்பை மெனுவில் காட்டுவதில்லை. நானும் இரண்டு உதவியாளர்களும்தான் அவற்றைப் பயன்படுத்துகிறோம். வாசகர்களுக்குத் தனியாக உறுப்பினர் கணக்குகள் உண்டு. இது போதுமா?

பதில்: போதாது. தயங்காமல் ஜாங்கோவின் உள்ளமைந்த லாகின் வசதிக்கு மாறிவிடுங்கள். நிர்வாகக் கணக்குகள் மூன்றே என்பதால் பாஸ்வேர்டுகள் இருக்கும் பழைய அட்டவணையை நீக்கிவிட்டு, மூவருக்கும் புதிய கணக்குகளையும் புதிய பாஸ்வேர்டுகளையும் உருவாக்குவதே எளிது.

எம்டி5 விரைவாகக் கணக்கிடக்கூடிய முறை. அட்டவணை ஒருமுறை திருடுபோனால், பாஸ்வேர்டுகளை ஊகித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த விரைவே திருடியவருக்குத் துணையாகிவிடும். ஜாங்கோ ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் தனித்தனி சால்ட் (தற்செயலான எழுத்துக்கோவை) சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக, பல இலட்சம் சுற்றுகள் கணக்கிட்டுச் சேமிக்கிறது. 4.2 பதிப்பில் 6,00,000 ஆக இருந்த சுற்றுகள் 5.2 பதிப்பில் 10,00,000 ஆயின. கணினிகள் வேகமாக ஆக இந்த எண்ணை உயர்த்திக்கொண்டே வர வேண்டும். தனியொருவர் எழுதிய லாகினில் இந்தப் பராமரிப்பு நடப்பதை நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது மறைத்துவைத்த இணைப்புதான். முகவரி தெரிந்த எவரும் அதைத் தட்டச்சு செய்து திறக்கலாம்; முகவரியோ பிரவுசர் வரலாற்றிலும் சர்வர் பதிவுகளிலும் தங்கிவிடும். ஆகவே சோதனை ஒவ்வொரு வியூவிலும் (ஒரு முகவரிக்கு வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல் பகுதி) நடக்க வேண்டும். ஜாங்கோ 5.1 முதல் இருக்கும் லாகின் ரிக்வயர்டு மிடில்வேரை (வியூவுக்கு முன் ஒவ்வொரு கோரிக்கையையும் சோதிக்கும் நிரல்) சேர்த்தால் தளம் முழுவதும் இயல்பாகவே மூடப்பட்டு, பொதுப் பக்கங்களை மட்டும் நீங்கள் பெயர் குறித்துத் திறப்பீர்கள். புதிய வியூ எழுதும்போது காவல் வைக்க மறந்தாலும் அது திறந்துகிடக்காது.

ஆயினும் லாகின் செய்தவர் யார் என்பது ஒரு கேள்வி. அவருக்கு இந்தச் செயலைச் செய்ய உரிமை உண்டா என்பது வேறொரு கேள்வி. மிடில்வேர் முதல் கேள்வியோடு நின்றுவிடுவதால், சாதாரண உறுப்பினர் ஒருவர் தம் கணக்கில் நுழைந்துகொண்டு நிர்வாக முகவரியைத் தட்டினால் அது அவரைத் தடுக்காது. உங்கள் நிர்வாக வியூக்கள் ஒவ்வொன்றிலும் ஸ்டாஃப் என்ற குறியையோ உரிய பெர்மிஷனையோ (குறிப்பிட்ட செயலுக்கான அனுமதி) சரிபாருங்கள். உதவியாளர்களுக்கு எல்லாவற்றையும் செய்யக்கூடிய சூப்பர்யூசர் உரிமை தர வேண்டாம். கட்டுரை திருத்துபவருக்கு அதற்கான பெர்மிஷன் மட்டும் போதும்.

உள்ளமைந்த வசதி செய்யாதவையும் உண்டு. தவறான பாஸ்வேர்டை எத்தனை முறை முயன்றாலும் ஜாங்கோ தானாகத் தடுக்காது. அதற்குத் தனித் தொகுப்பையோ சர்வரில் வரம்பையோ சேர்க்க வேண்டும். லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் செஷன் குக்கியை, மறைகுறியாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் அனுப்பும் அமைப்பும் இயல்பாக அணைந்தே இருக்கும், குக்கியின் ஆயுளும் 2 வாரம், இரண்டையும் மாற்றுங்கள். விடுபட்ட இத்தகைய அமைப்புகள் பலவற்றை, செக் கட்டளையை டிப்ளாய் விருப்பத்துடன் இயக்கினால் ஜாங்கோவே சுட்டிக்காட்டும்.

எல்லாம் முடிந்தபின் சாதாரண உறுப்பினர் கணக்கு ஒன்றில் நுழைந்து, நிர்வாக முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். திருத்தும், நீக்கும் படிவங்களை நேரடியாக அனுப்பியும் பாருங்கள். ஏதேனும் ஒன்று ஏற்கப்பட்டால், அந்த வியூவில் உரிமைச் சோதனை விடுபட்டிருக்கிறது.