அகலேகாவில் நின்ற விமானம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மொரிஷியஸின் ப்வேன்ட் ஓ சாப்லிலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நம் நாட்டின் அகலேகா தீவிலுள்ள ஓடுதளத்தின் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, அதில் சிவப்பு வட்டம் வரைந்து, ‘போர் விமானம் வந்து இறங்கிவிட்டது’ என்று எழுதியிருந்தார். வட்டத்துக்குள் எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன வெள்ளைச் சிலுவைதான். நானே கூகுள் எர்த்தில் போய் அகலேகாவைப் பார்த்தேன், சாகோஸ் தீவுகளில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் டியாகோ கார்சியாவையும் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. எதை வைத்து இது இன்ன விமானம் என்று சொல்கிறார்கள்? நம்மைப் போன்றவர்கள் இப்படி உட்கார்ந்து பார்ப்பது சரிதானா?

இன்னொன்று. எங்கள் தெருவில் டியாகோ கார்சியாவில் பிறந்த ஒரு அம்மா இருக்கிறார், தாந்தின் என்றுதான் கூப்பிடுவோம். ஆசையாக அவரிடம் படத்தைக் காட்டினேன். விமானங்களை அவர் பார்க்கவே இல்லை. ‘ஈஸ்ட் பாயிண்ட் எங்கே?’ என்று கேட்டார். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தச் சிலுவை. நீங்கள் அனுப்பிய படத்தில் மூலையிலிருந்த அளவுகோல் வெட்டுப்படாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதை வைத்து அளந்தேன். இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 17 மீட்டர் சுமார், மூக்கிலிருந்து வால்வரை அதைவிடக் கொஞ்சம் குறைவு. இறக்கை பின்னோக்கிச் சாயவில்லை, குறுக்கே வைத்த கட்டை மாதிரி நேராக இருக்கிறது. அப்புறம் கவனியுங்கள், அந்தக் கட்டை உடலின் மேல் அறுபடாமல் ஓடுகிறது, அதாவது இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கிறது. இத்தனையும் சேர்த்தால் கிடைப்பது டோர்னியர் 228. நம் கடலோரக் காவல்படை பல வருடங்களாக ஓட்டும், பிளேசான்ஸ் விமான நிலையத்தில் நீங்களும் நானும் நூறு முறை பார்த்திருக்கும் அதே சிறு விமானம். அகலேகாவுக்கு வரும் என்று ஆட்கள் பேசிக்கொள்ளும் இந்தியாவின் பி-8ஐ ரோந்து விமானமாக இருந்தால் இறக்கை 37 மீட்டருக்கு மேல் வந்திருக்கும், இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். வட்டம் வரைந்தவர் அளக்கவில்லை. அளக்காமல் பெயர் வைத்ததுதான் அங்கே நடந்த தப்பு.

எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் இதை வைத்துத்தான். முதலில் அளவு, அப்புறம் இறக்கையின் சாய்வு, அப்புறம் எஞ்சின்கள், அப்புறம் நிழல். கற்றுக்கொள்ள டியாகோ கார்சியாவுக்குப் போகாதீர்கள், அங்கே உங்கள் விடை சரியா தப்பா என்று சொல்ல யாரும் இல்லை. பிளேசான்ஸுக்குப் போங்கள். ஏர் மொரிஷியஸின் ஏர்பஸ் ஏ350 நிற்கும், இறக்கை ஏறக்குறைய 65 மீட்டர், பின்னோக்கிச் சாய்ந்தது. பக்கத்தில் ரோட்ரிக்ஸ் தீவுக்குப் போய்வரும் ஏடிஆர் 72 நிற்கும், அதற்கு நீளமும் இறக்கையும் இரண்டுமே 27 மீட்டர், மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலவே இருக்கும். கூகுள் எர்த்தின் ரூலரை எடுத்து இரண்டையும் அளந்து பாருங்கள். நீங்கள் அளப்பது ஒன்றிரண்டு மீட்டருக்குமேல் பிசகினால் நுனியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பத்து நாள் இதைச் செய்தால் கண் தானாகப் பழகிவிடும். பழைய படங்களைக் காட்டும் கடிகாரப் பொத்தானை அழுத்தி அதே நிறுத்துமிடத்தை வேறு வேறு வருடங்களில் பார்ப்பதும் நல்ல பயிற்சி.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் வடக்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் எழுதியவை, அவர்கள் சொல்லும் திசை நமக்குப் பொருந்தாது. பெரும்பாலான செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரைக்கு நம்மைக் கடக்கின்றன. ஜூலையில் அந்த நேரம் பிளேசான்ஸில் சூரியன் வடகிழக்கில் இருக்கும், நிழல் தென்மேற்கே விழும், படத்தில் இடது கீழ்ப்பக்கம். டியாகோ கார்சியா நிலநடுக்கோட்டுக்கு இன்னும் பக்கம், 7 பாகை தெற்கில். அங்கே டிசம்பரில் சூரியன் தெற்கே தாண்டிவிடும், நிழல் இடது மேல்பக்கம் விழும். தேதியைப் பார்க்காமல் நிழலைப் படித்தால் வாலை இறக்கை என்று நினைப்பீர்கள்.

ஆனால் சரியாகப் படித்தால் விமானத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்த மாதிரிதான். சி-17 சரக்கு விமானத்தின் வால் கிட்டத்தட்ட 17 மீட்டர் உயரம், உச்சியில் குறுக்குச் சட்டம் வேறு, அதனால் தரையில் ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி நிழல் விழும். பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கு வாலே கிடையாது, உயரமும் ஐந்து மீட்டர்தான், இறக்கையோ 52 மீட்டர். அவ்வளவு பெரிய உடம்பு தரையோடு ஒட்டிய நிழலோடு படுத்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ரஷ்யாவின் எங்கெல்ஸ் தளத்தில் 2023இல் தரையிலேயே விமானங்களைப் பெயிண்டால் வரைந்து வைத்தார்கள், மேலிருந்து எண்ணுபவர்களை ஏமாற்ற. தரையில் வரைந்த விமானத்துக்கு நிழல் விழாது.

எஞ்சின் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு டியாகோ கார்சியா படம் ஒன்றைப் பார்த்து, நான்கு பி-52 குண்டுவீச்சு விமானங்கள் நிற்கின்றன என்று இதே இணையதளத்தில் எழுதிவிட்டேன். பி-52க்கு எஞ்சின் எட்டு, ஆனால் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கூடுகளில் தொங்கும். மங்கலான படத்தில் இறக்கைக்கு இரண்டு புடைப்பு வீதம் நான்குதான் தெரியும். எரிபொருள் நிரப்பும் கேசி-135க்கும் அதே நான்கு புடைப்பு, அதே சாய்ந்த இறக்கை. மறுநாள் உட்கார்ந்து அளந்தபோது இறக்கை 40 மீட்டர் வந்தது. பி-52 என்றால் 56 மீட்டர் வந்திருக்க வேண்டும். குண்டு போடும் விமானம் என்று நான் எழுதியது வெறும் எரிபொருள் விமானம். அதற்குள் ஆட்கள் அதைப் படித்துக் கவலைப்பட்டு எனக்கு எழுதத் தொடங்கியிருந்தார்கள். திருத்தம் போட்டேன், அந்தத் திருத்தத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று இன்றும் எனக்கு உறுத்தல் உண்டு. அன்றிலிருந்து அளவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு பெயரும் எழுதுவதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பியச் செயற்கைக்கோள், சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும், யாரும் கோபர்னிகஸ் பிரௌசர் என்ற இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். பி-2வே அதில் ஐந்து பிக்சல்தான், டோர்னியர் இரண்டு. ‘ஏதோ பெரியது நிற்கிறது, போன வாரம் இல்லை’ என்பதற்கு மேல் அதை வைத்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அதில் சில சமயம் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று விமானம் அடுத்தடுத்துப் பறப்பது மாதிரித் தெரியும். அது ஒரே விமானம்தான். ஒவ்வொரு நிறத்தையும் கேமரா கண்ணிமைக்கும் இடைவெளி விட்டு எடுக்கிறது, அதற்குள் பறக்கிற விமானம் நகர்ந்துவிடுகிறது. இன்ன விமானம் என்று சொல்ல அரை மீட்டர், முப்பது சென்டிமீட்டர் நுணுக்கமுள்ள படங்கள் வேண்டும், அவற்றைத் தனியார் நிறுவனங்கள் விலைக்கு விற்கின்றன. கூகுள் எர்த்தில் நாம் பார்ப்பது அவற்றில் பழையவற்றை.

சென்டினலுக்கு வேறொரு பலம் உண்டு, மெதுவாக நடப்பதைக் காட்டும். அகலேகா வடதீவை 2019லிருந்து வரிசையாகப் பாருங்கள். லா ஃபூர்ஷ், வேன்-சேன்க் ஊர்களுக்கு நடுவே தென்னைகளுக்குள் ஒரு வெளுத்த கோடு விழும், அது அகலமாகும், கறுப்பாகும், கடைசியில் 3000 மீட்டர் ஓடுதளமாக நிற்கும். 2024 பிப்ரவரி 29 அன்று இந்தியா, மொரிஷியஸ் இரு நாட்டுப் பிரதமர்களும் அதைத் திறந்துவைத்தார்கள். சுமார் முந்நூறு பேர் வாழும் தீவு. நம் அரசு இது ராணுவத் தளம் அல்ல என்று சொல்லிவருகிறது. ஓடுதளத்தின் நீளமும், பி-8ஐ நுழையக்கூடிய ஹேங்கர்களின், அதாவது விமானக் கொட்டகைகளின், அகலமும் நீங்களே அளந்துகொள்ளக்கூடியவை. அளந்துவிட்டு, எதற்காக இவ்வளவு பெரிது என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஹேங்கரின் அகலத்தை வைத்துக்கொண்டு உள்ளே விமானம் இருக்கிறது என்று எழுதாதீர்கள்.

பார்ப்பது சரியா என்றால், சரி என்றுதான் சொல்வேன். வல்லரசுகளே இதை ஒப்பந்தம் போட்டுச் செய்தவைதான். 1991இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்ட ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா அரிசோனாவில் பழைய பி-52களைத் துண்டு துண்டாக வெட்டி, மறுதரப்பின் செயற்கைக்கோள்கள் பார்த்து எண்ணிக்கொள்ளட்டும் என்று 90 நாள் திறந்த வெளியில் போட்டு வைத்திருந்தது. நாம் பார்ப்பது நம் நாட்டின் தீவுகளை. 1965இல் பிரிட்டன் நம்மிடமிருந்து பிரித்த சாகோஸை எங்களுடையது என்று நாடாகவே நின்று கேட்டிருக்கிறோம், 2019இல் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றமும் அந்தப் பிரிப்பால் மொரிஷியஸின் காலனி விடுவிப்பு சட்டப்படி முழுமையடையவில்லை என்று கருத்துச் சொன்னது. அந்தத் தீவில் என்ன நிற்கிறது என்று மொரிஷியஸ்காரர் ஒருவர் பார்ப்பதில் என்ன குற்றம்? எங்காவது சண்டை நடந்துகொண்டிருக்கும்போது கிடைத்த படத்தை உடனே பரப்பாதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், யாருடைய உயிர் எதில் தொங்குகிறது என்று நமக்குத் தெரியாது.

படம் எண்ணிக்கையைச் சொல்லும், எண்ணத்தைச் சொல்லாது என்பதற்கு 2025ஐப் பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் டியாகோ கார்சியாவில் ஆறு பி-2 வெயிலில் வரிசையாக நின்ற படம் உலகமெல்லாம் போயிற்று. ஈரான்மீது தாக்குதல் இங்கிருந்துதான் என்று எல்லோரும் எழுதினார்கள், போர்ட் லூயிஸ் டீக்கடைகளில்கூட அதே பேச்சு. ஜூன் 22 அன்று தாக்கிய ஏழு பி-2க்களும் கிளம்பியது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து. அதே நேரம் வேறு சில பி-2க்களை, எல்லோரும் கவனிக்கட்டும் என்றே, மேற்கே பசிபிக் பக்கம் பறக்கவிட்டிருந்தார்கள். எண்ணியவர்கள் சரியாகத்தான் எண்ணினார்கள். அதற்குமேல் சொன்னதெல்லாம் ஊகம்.

சரி, தாந்தின் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்தது அதுதான்.

டியாகோ கார்சியா ஒரு பாதச்சுவடு மாதிரி, நடுவே காயல். ஓடுதளமும் விமானங்களும் எல்லாம் மேற்குக் கரையில். நாம் எல்லோரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் ஓடுதளத்திலிருந்து காயலைத் தாண்டி தென்கிழக்காக வாருங்கள், எதிர்க்கரை வரும். அங்கே அடர்ந்த பச்சைக்குள் காயலை ஒட்டி ஒரு வெட்டவெளியும் சில கூரைகளும் தெரியும். அதுதான் ஈஸ்ட் பாயிண்ட். கொப்பரைத் தோட்டத்தின் தலைமையிடம், மேலாளர் வீடு, தேவாலயம், பக்கத்தில் கல்லறைகள். 1971இல் அந்தத் தீவைக் காலிசெய்தார்கள். மற்ற சாகோஸ் தீவுகளில் இருந்தவர்களையும் 1973க்குள் கப்பலேற்றிவிட்டார்கள். தோட்டத்தைச் சுற்றிலும் ஒழுங்கில்லாமல் மண்டிக் கிடக்கும் தென்னைகளைப் பார்ப்பீர்கள், யாரும் நடாமல், யாரும் பறிக்காமல், விழுந்த காய்களே முளைத்து முளைத்து நெருங்கியவை. கிரியோலில் அதற்கு கோகோ போன்ஜே என்று பெயர், கடவுளின் தென்னை. தாந்தினுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும்.

போனில் காட்டாதீர்கள், கம்ப்யூட்டரில் பெரிதாகக் காட்டுங்கள். அவர் வீடு இருந்த இடம் இப்போது பச்சைக்குள் மூடியிருக்கலாம், அதனால் தேவாலயத்தை முதலில் கண்டுபிடித்துக் கொடுங்கள், அங்கிருந்து எந்தப் பக்கம் எத்தனை தூரம் என்று அவரே சொல்வார். ரூலர் உங்களிடம் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல அளந்து புள்ளி வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள், யார் வீடு, எந்தக் கிணறு என்று அவர் வாயால் சொல்வதை அப்படியே பெயராகப் போடுங்கள். முடிந்ததும், அவருக்குச் சம்மதமென்றால், எனக்கும் அனுப்புங்கள்.